சக்கரம் மாட்டாத தேர்

என் மாமனாருக்குப் போட ரோஜா மாலையும் கோடி வேட்டியுமாக அவருடைய மச்சினர் ஆறுமுகம் ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்த நேரத்தில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, வேகவைத்த கடலைக்காயை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

ஆறுமுகம் அவரைக் கவனிக்கவில்லை. மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "மச்சா, எங்களையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே" என்று தெருவிலேயே குரலெடுத்துவிட்டார். நேராக வந்து, பச்சை ஓலையின்மேல் வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்த உருவத்தின் காலைத் தொடக் குனிந்தார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங் மாப்ளே, யாருங்க போனது?"

ஆறுமுகம் திரும்பினார். அவர் முகத்தில் அப்போது வந்த நிறத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாலை கையிலிருந்து நழுவியது. "இருக்கறீங்களா?" என்றார்.

"இருக்காம? கடலைக்காய் திங்கறனே, தெரீலயா? அது யாருக்கு மாலை?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். நான் பசைக் கிண்ணத்தோடு நின்றேன். அன்றைக்கு வந்த அதிர்ச்சிகளில் இதுதான் சின்னது.

மைதாப் பசை

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் கதையை இந்தத் தொடரில் எழுத ஆரம்பித்ததிலிருந்து வாசகிகள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். கணக்கு, தமிழெல்லாம் சரி, கைவேலைக்கு என்ன செய்கிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் அதற்கென்று ஒரு டீச்சர் இருப்பார். வீட்டில் யார் அதைக் கட்டி மேய்ப்பது, சாமான் வாங்கிக் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகாதுதான். முதல் வருஷம் நானும் பெட்டி பெட்டியாக ஆன்லைனில் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் மினுமினுப்புத் தூள், ஒட்டாத பசை, காகிதத்தைக்கூட வெட்டாத கத்தரிக்கோல். என் மகள் யாழினி அதோடு அரை மணி நேரம் விளையாடிவிட்டு, அந்தக் காலிப் பெட்டியை வைத்து ஒரு வாரம் விளையாடினாள். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

நாங்கள் இருப்பது கணபதி என்கிற பட்டறைப் பகுதியில். தெருவுக்கு நாலு பட்டறை. லேத்தில் சுருண்டு விழும் இரும்புக் கூளம் கையைக் கிழிக்கும், அதன் பக்கமே போகக்கூடாது. ஆனால் வார்ப்படத்துக்கு மர அச்சு செய்கிற பட்டறையில் வட்டம் வட்டமாக மரத்துண்டு விழும். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறவர் வீட்டில் நூல் தீர்ந்த காலி அட்டைக் கோன் மூட்டையாகக் கிடக்கும். திருப்பூரில் உறவினர் இல்லாத வீடு எங்கள் பக்கம் ஏது? பனியன் கட்டிங் வேஸ்ட் கேட்டால் தலையணை உறை நிறையத் தருவார்கள். பசைக்கு மைதா மாவு.

வீட்டுக்கல்விக் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் கூடுவோம். காசு கொடுத்து வாங்கிய எதுவும் மேசைக்கு வரக்கூடாது. தரையில் ஒரு பழைய படுக்கை விரிப்பு போட்டுவிட்டால், வேலை முடிந்ததும் நாலு முனையையும் பிடித்து முடிந்து குப்பையைக் கொட்டிவிடலாம். கூட்டுகிற வேலையே கிடையாது. பெரியவர்களின் கைபேசி எல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டு மூங்கில் கூடைக்குள் போய்விட வேண்டும். அம்மா கைபேசியைப் பார்த்தால் பிள்ளையும் தலையைத் தூக்கிவிடும், பிறகு கை வேலையில் நிற்காது.

இந்தக் கைபேசிக் கூடையை நினைத்து நான் ரொம்பப் பெருமைப்பட்டிருக்கிறேன். பெருமைக்கு வந்தது வினை.

மாமா

என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம், தென்னை, கிணறு என்று இருந்தவர். இருதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஓய்வுக்காக எங்களோடு வந்திருந்தார்.

"ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்ட எடம் குடுத்த குடும்பம்டா இது. அதுல பள்ளிக்கோடம் போகாத புள்ளையா?" என்று என் கணவர் செந்திலிடம் தினமும் ஒருமுறை கேட்பார். ஆனால் சனிக்கிழமை வந்தால் முதல் ஆளாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் செய்யமாட்டார். குறை மட்டும் சொல்வார்.

அவருக்கு ஒரு மகளும் உண்டு. பூங்கொடி. செந்திலுக்கு அக்கா, எனக்கு நங்கையா. எங்கள் பக்கம் மூத்த நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் அந்த வீட்டில் பூங்கொடி என்ற பெயரையே யாரும் வாயில் எடுத்ததில்லை.

பூங்கொடி நங்கையா கட்டிக்கொண்டது அருள்ராஜை. அருள்ராஜின் அப்பா அம்மா எங்கள் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். சாதியும் வேறு, போதாததற்குக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். அருள்ராஜ் படித்து, ஈரோட்டில் ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். அதெல்லாம் மாமாவிடம் எடுபடவில்லை. "என்ற பொணத்துக்குக்கூட அவ வரக்கூடாது" என்று ஊர் நடுவே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

என் மாமியார் தவறியபோது அதை நான் கண்ணால் பார்த்தேன். செய்தி கேட்டு நங்கையா ஓடி வந்தார். மாமா ஆள் விட்டுத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். டீக்கடைப் பெஞ்சு ஓரமாக நின்று, பெற்ற தாயைத் தூக்கிக்கொண்டு போவதை அவர் தூரத்திலிருந்து பார்த்தார். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

தேர் கட்டிய கதை

அந்த வருஷம் பிள்ளைகள் அவிநாசித் தேர் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வந்ததிலிருந்து தேர் கட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பொம்மைத் தேர் இல்லை, இழுக்கிற தேர்.

சரி, கட்டுவோம் என்றேன். வாசலைத் தாண்டினால் எல்லாம் சும்மாவே கிடைத்தது. மின்கம்பியில் உரசுகிறது என்று லைன்மேன் வெட்டிப் போட்ட தென்னை மட்டைகள் தெருவோரம் பச்சையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர். நீளமாக ரெண்டு மூங்கில் கொடுத்தார். வெயிலுக்கு ஒரு பழைய சாமியானாவும், பெற்றோர் உட்கார நாற்காலிகளும் அவரே இறக்கிப் போட்டார். "கொழந்தைங்க காரியம், வாடகையெல்லாம் வேண்டாமுங்க அம்மணி" என்றார்.

மூங்கில் ரெண்டையும் படுக்கப் போட்டு, குறுக்கே குச்சி வைத்துக் கட்டினோம். ஓலையை முடைந்து தடுக்காக்கி அதன்மேல் விரித்தோம். சாமிக்கு, தலையணை உறைகளில் பனியன் துணியை அடைத்து ஆள் உயரத்துக்கு ஓர் உருவம். கை கால் ஒட்டியாயிற்று. பசை காய வேண்டுமே, அதனால் ஓலைமேல் படுக்கப் போட்டோம். தெருப்புழுதி படக்கூடாது என்று மாமாவின் பழைய வேட்டியை எடுத்துப் போர்த்திவிட்டேன். யாழினி கிள்ளிப்போட்ட செவ்வந்தியை மேலே தூவினாள்.

மர அச்சுப் பட்டறையிலிருந்து வந்த வட்டக்கட்டைகள்தான் சக்கரம். அதற்குத் துளை போட வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாமா கடலைக்காய்த் தட்டோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சக்கரத்த மொதல்ல மாட்டு, கண்ணு. பாக்க நல்லா இல்ல."

"பசை காயட்டுமுங்க மாமா."

"சொல்றதச் சொல்லிப்போட்டேன்" என்று உரிக்க ஆரம்பித்தார். வழக்கமான குறைதானே என்று நானும் விட்டுவிட்டேன். செய்கிறவர்களுக்கு அது தேர். சக்கரம் இல்லாத தேர் தெருவில் போகிறவர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று ஒரு நிமிஷம் தள்ளி நின்று பார்த்திருந்தால் போதும்.

ராமேஸ்வரத்தில் வாங்கிய சங்கு ஒன்று ஒரு பிள்ளையிடம் இருந்தது. தேர் என்றால் சங்கு ஊத வேண்டாமா? ஊதினான். இன்னொருத்தி தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினாள்.

சாமியானா, நாற்காலி, மூங்கில், பச்சை ஓலை, வெள்ளைத் துணி, பூ, சங்கு. வாசகர்களே, இன்னும் என்ன பாக்கி?

தங்கவேலு கண்டது

மாமாவின் தம்பி மகன் தங்கவேலு அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் எங்கள் தெருவைக் கடந்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் இறங்கி உள்ளே வந்திருப்பார்கள். தங்கவேலு வரவில்லை. அவருடைய மைத்துனிக்கு அன்றைக்கு நிச்சயம். வெற்றிலை பாக்கும் பூவும் நிறைந்த தட்டு ஸ்கூட்டரின் முன்னால் இருந்தது. சீர்த்தட்டோடு எழவு வீட்டு வாசலை மிதிக்கலாமா? மாமாவின் இருதயக் கோளாறு தெரிந்தவர், நாற்காலியில் இருந்தவரைக் கவனிக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போனவர் சும்மா போகவில்லை. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். "பெரியப்பா தவறிட்டாருங்க. கணபதி ஊட்லதான் இருக்குதுங்க. எடுக்கறது எப்பன்னு தெரியலைங்க." அதன் கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள்.

எல்லாரும் எனக்குத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார்கள். கைபேசி கூடைக்குள் வாயை மூடிக் கிடந்தது. எடுக்கவில்லை என்றதும் அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்?

ஆறுமுகம் வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் செந்திலும், வேலைக்குப் போயிருந்த சூலூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள் தேம்பித் தேம்பி அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"எவன்டா போட்டது?" என்று குழுவைத் திறந்து, மாமாவையே பேசவைத்துக் குரல் பதிவாக அனுப்பினார். "நான் நல்லாத்தானுங்க இருக்கறேன். ஆரும் வரவேண்டாமுங்க. மாலை வாங்கினவங்க சாமிக்குப் போட்டுருங்க." மாமாவின் குரலில் இதைக் கேட்டு உறவு முழுக்கச் சிரித்தது. பாதி வழியில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். தங்கவேலு நிச்சய வீட்டிலிருந்தே போன் போட்டு, அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார்.

சாகாதவரைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்றார் ஆறுமுகம். டீ போட்டேன். கோடி வேட்டியை மாமா விரித்துப் பார்த்து, "கரை நல்லாத்தான் எடுத்திருக்கறீங்க" என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, சக்கரத்துக்குத் துளை போட உட்கார்ந்தோம்.

வாடகைக் கார்

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

கதவு திறந்ததும் அழுகைச் சத்தம் முன்னால் வந்தது. "அப்பா... என்றப்பா..." தலைமுடி அவிழ்ந்து கிடக்க ஓர் அம்மாள் ஓடி வந்தார். செருப்பு ஒன்று தெருவில் கழன்று கிடந்தது. எனக்கு ஆள் அடையாளம் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

பூங்கொடி நங்கையா.

பங்காளிகள் குழுவில் அவர் இல்லை. அவரை யார் சேர்ப்பார்கள்? செத்த செய்தியை மட்டும் யாரோ ஒரு நல்ல மனசு அவருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறது. மறுப்புச் செய்தி குழுவுக்குள்ளேயே சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஈரோட்டிலிருந்து வழி முழுக்க அந்த மனுஷி அப்பா செத்துவிட்டார் என்று அழுதுகொண்டே வந்திருக்கிறார். அதை எங்களில் ஒருவருக்கும் நினைக்கத் தோன்றவில்லை. சொந்தத் தம்பிக்கும் தோன்றவில்லை.

நான் எழுந்து தடுப்பதற்குள் அவர் ஓலைமேல் விழுந்துவிட்டார். வேட்டியை விலக்கினார். பனியன் துணி அடைத்த முகமும், பொத்தான் தைத்த கண்ணும் அவரைப் பார்த்தன.

அவர் கத்தவில்லை. யாழினி பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"நங்கையா," என்றேன். "மாமா இருக்காங்க. அங்க பாருங்க. உக்காந்திருக்காங்க."

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். மாமா நாற்காலியில் இருந்தார். மடியில் கடலைக்காய்த் தட்டு. கை பாதியில் நின்றிருந்தது. மகள் தன் பிணத்துக்கு அழுததை முழுவதுமாகக் கேட்டுவிட்ட மனிதர் எப்படியிருப்பாரோ அப்படி இருந்தார்.

 நங்கையாதான் எழுந்து நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் நிதானமாக வந்தது. அந்த நிதானம்தான் என்னைக் கொன்றது.

"செய்தி வந்துச்சுங்கப்பா. அம்மாவத் தெருமுக்குல நின்னுதான் பாத்தேன். உங்களயாச்சும் பக்கத்துல நின்னு பாத்துக்கலாம்னு வந்தேன். தடுக்கறதுக்கு இன்னைக்கு நீங்க இருக்கமாட்டீங்கன்னு நெனச்சுத்தானுங்க வந்தேன்."

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். செந்தில் சுவரைப் பார்த்து நின்றார். இப்படி ஒரு வார்த்தையைப் பெற்ற அப்பனிடம் ஒரு மகள் சொல்ல வேண்டி வருமா? சொல்ல வைத்தது எது?

"உசுரோட இருக்கறீங்க. அது போதுமுங்க" என்றார்.

திரும்பி நடந்தார். காருக்குப் பக்கத்தில் அருள்ராஜ் நின்றிருந்தார். வீட்டு எல்லைக்குள் ஓர் அடிகூட வைக்காமல், கழன்று கிடந்த அந்தச் செருப்பை எடுத்துக் கையில் வைத்திருந்தார். அவர் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் குழந்தை. சனிக்கிழமை வகுப்பிலிருந்து பாதியில் கூட்டி வந்திருப்பார்கள் போலிருக்கிறது.

நான் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் ஓடினேன். பாருங்கள், மறுபடியும் அதே சொம்புதான். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மாமாவின் குரல் கேட்டது.

"பூங்கொடி."

மாமாவின் வாயால் அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். நங்கையா நின்றார். திரும்பவில்லை.

"எழவு ஊட்லதான் சொல்லிக்காம போவாங்க. இங்க எவன் செத்தான்? சொல்லிட்டுப் போ."

சாவுக்கு வந்தவர்கள் புறப்படும்போது போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. நங்கையா சாவு வீட்டுக்கு வந்த மாதிரியேதான் போகப் பார்த்தார். அதை மாமா கவனித்திருக்கிறார்.

நங்கையா திரும்பினார். "நான் மட்டும் சொன்னா போதுங்களாப்பா?"

 மாமா, கேட்டுக்கு வெளியே நின்ற அருள்ராஜைப் பார்த்தார். தன் வரப்பில் வளர்ந்த பையனை அத்தனை வருஷம் கழித்து நேராகப் பார்த்தார்.

"வந்தவங்க எல்லாருந்தான் சொல்லோணும்."

அருள்ராஜ் செருப்பைக் கீழே வைத்தார். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். சாமியானா நிழலில் நின்று கையைக் கூப்பினார். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தயங்கியது அவர் முகத்தில் தெரிந்தது.

"போயிட்டு வாரோமுங்க... மாமா."

 செந்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மாமா தலையை ஆட்டினார். பிறகு மடியிலிருந்த தட்டை எடுத்து அருள்ராஜ் பக்கம் நீட்டினார். அவர் தின்றுகொண்டிருந்த அதே தட்டு. அருள்ராஜ் ஒரே ஒரு கடலைக்காயை எடுத்தார். அதை உரிக்கவும் தெரியாதவர்போல விரல்களுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

மாமா பக்கத்து நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

"நின்னுட்டே எப்படி உரிப்பீங்க? உக்காருங்க."